ஆரஞ்சுக் கம்பம்

பூட்டு உறைந்துபோயிருந்தது. நேவா குனிந்து, அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்திக்கொண்டு வாயை வைத்து ஊதினாள். பின்னால் ஆம்புலன்ஸின் விளக்கு சுற்றிச் சுற்றிப் பனியைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தது. சைரன் போடவில்லை. அதற்கு அவசியம் இல்லை என்று மேட்டிலிருந்து அவள் கணவன் ராஸ் ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டான்.

"சாவி திரும்பலையா?" ஓட்டுநர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

"திரும்பிடும். கொஞ்சம் பொறுங்க."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே உறைத்தது. இன்றைக்கு இரண்டாவது தடவையாக ஒரு மனிதரைப் பொறுக்கச் சொல்கிறாள். முதல் தடவை சொன்னது அப்பாவிடம். அவர் பொறுத்தார்.

பூட்டு திறந்துகொண்டது. சங்கிலியை உருவிவிட்டு, இரும்புக் கதவைப் பனியோடு சேர்த்துத் தள்ளினாள். கதவின் இரண்டு பக்கத்துக் கம்பங்களும் உச்சியில் ஆரஞ்சு வண்ணம் அடித்தவை. மோன்டானா மாநிலத்தில் அந்த வண்ணத்துக்கு ஒரே அர்த்தம்தான்: கேட்காமல் கால் வைக்காதே. நிலம் அவளுடைய மாமனார் ஓட்டிஸுக்குச் சொந்தம். பனி உருகியதும் வாளியும் தூரிகையுமாக அவரே கிளம்பிப்போய் ஒவ்வொரு கம்பமாகப் பூசிவிட்டு வருவார். அந்த வண்ணம் மங்கி இதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஆம்புலன்ஸ் உள்ளே போனது. நேவா கதவருகிலேயே நின்றுகொண்டாள். திறந்த கதவை ஆளில்லாமல் விட்டால் மாடுகள் ரோட்டுக்குப் போய்விடும். அப்பா செத்துக் கிடந்தாலும் மாடு மாடுதான். மேலே போகாமல் இருக்க இப்படி ஒரு சாக்கு கிடைத்ததில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

திரும்பி வரும்போது ராஸ் வண்டியில் ஏறாமல் அதன் பின்னாலேயே நடந்து வந்தான். அவன் கையில் கம்பி வெட்டும் குறடு இருந்தது.

"வேலியை வெட்ட வேண்டியதாப் போச்சு," என்றான். "அவரைத் தூக்கிட்டு வரணுமே. நாளைக்கு ஒட்டுப் போட்டுடறேன்."

"உங்கப்பா ஏதாவது சொல்லுவாரா?"

"இதுக்கு என்ன சொல்லப்போறாரு? செத்த மனுஷனுக்காக வெட்டினது."

நேவா ஆம்புலன்ஸின் பின்கதவைப் பார்த்தாள். கண்ணாடிக்கு உள்ளே ஒரு கம்பளி தெரிந்தது, அவ்வளவுதான்.

"அப்பா சுட்ட அந்த எல்க் மான்?"

"அது எங்க போகப்போகுது. கிடக்கு." ராஸ் குறட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. நல்ல தூரமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டாள். ஒரு மேடு தாண்டி, ஒரு ஓடை தாண்டி, எழுபது தாண்டிய ஒருவர் தனியாகப் போய் வர முடியாத தூரம். அனுமதி கிடைத்திருந்தாலும் அவரால் போயிருக்க முடியாத தூரம். அப்படித்தான் இருக்க வேண்டும். அதை விட்டால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

இந்தப் பக்கத்து நிலத்தைப் பிரித்தவன் எவனோ, சதுரங்கப் பலகையை எதிரில் வைத்துக்கொண்டு பிரித்திருக்கிறான். ரயில் பாதை போட வந்த கம்பெனிக்கு ஒன்று விட்டு ஒன்றாகக் கட்டங்களைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அரசாங்கம் வைத்துக்கொண்டது. கம்பெனியின் கட்டங்களை ஓட்டிஸின் தாத்தா மாதிரி ஆட்கள் வாங்கிப்போட்டார்கள். ஆக, ஒரு கட்டம் ஓட்டிஸுடையது, அடுத்தது ஊருக்கே பொது, அதற்கடுத்தது மறுபடியும் ஓட்டிஸுடையது. பொதுக் கட்டத்தில் யார் வேண்டுமானாலும் வேட்டையாடலாம், போய்ச் சேர வழி இருந்தால். பாதிக் கட்டங்களுக்கு வழியே கிடையாது. நாலு மூலை சேருகிற புள்ளியில் ஒரு பொதுக் கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் காலை எட்டி வைக்கலாமா கூடாதா என்று டன்மோர் ஊரில் கல்யாண விருந்திலேயே அடிதடி நடந்திருக்கிறது. எட்டி வைக்கும்போது தோள்பட்டை ஓட்டிஸின் காற்றுக்குள் நுழைந்துவிடுகிறதாம். எல்க்குகளுக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. காலையில் பொதுவில் மேய்ந்துவிட்டு மதியம் ஓட்டிஸின் நிலத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நேவாவின் அப்பா ஆர்லனுக்கு இந்தக் கட்டங்கள் அத்தனையும் மனப்பாடம். டன்மோர் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளுக்கு வேட்டைப் பாடம் எடுத்தவர் அவர். அதில் தேறாமல் இந்த வட்டாரத்தில் எந்தப் பிள்ளைக்கும் லைசென்ஸ் கிடைக்காது. "எங்க சுட்டேங்கிறது ஒரு கேள்வி. எங்க விழுந்துச்சுங்கிறது இன்னொரு கேள்வி," என்று ஆரம்பிப்பார். அடுத்தவன் நிலத்தில் விழுந்தால் அவனைக் கேட்காமல் தொடக்கூடாது. தொடவில்லை என்று விட்டுவிட்டும் வந்துவிடக்கூடாது, இறைச்சியை வீணாக்குவதும் குற்றம். அப்படியானால் என்னதான் செய்வது என்று ஏதாவது ஒரு வாண்டு எழுந்து நின்று கேட்கும். ஆர்லன் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி சிரிப்பார். "கேக்கணும். கேட்டுட்டு நிக்கணும்."

அவர் போன் செய்தபோது நேவா சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நவம்பர் கடைசி, வேட்டைக் காலம் முடியப்போகிற வாரம். ஓட்டிஸ் தன் நிலத்து வேட்டை உரிமையை ஒரு வழிகாட்டிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். அந்த ஆள் நகரங்களிலிருந்து பணக்காரர்களைக் கூட்டிவருவார், அவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு நேவாவின் பொறுப்பு.

"நேவா, நான்தான். ராஸ் இருக்கானா?"

"மாட்டுக்கு வைக்கோல் போடப் போயிருக்கான்ப்பா. என்ன இப்படி மூச்சு வாங்குது?"

"மேடு ஏறினேன், வேற ஒண்ணுமில்ல. ஒரு பெண் எல்க் கிடைச்சுது. பொதுக் கட்டத்துல நின்னதைத்தான் சுட்டேன், சுத்தமா. சனியன் வேலியைத் தாண்டி ஓடிப்போய் உங்க பக்கத்துல விழுந்துடுச்சு."

"செத்துடுச்சா?"

"செத்துடுச்சு. இங்கேருந்தே தெரியுது. ஓட்டிஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு. குடலை மட்டும் எடுத்துட்டாப் போதும், மிச்சத்தை நாளைக்கு அறுத்துக்கலாம். அப்படியே விட்டா, எவ்வளவு பனியானாலும் உள்ளுக்குள்ள சூடு இறங்காது. கெட்டுப்போகும். உனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். அந்தத் தோலுக்குள் கையை விட்டால் மணிக்கணக்கான பிறகும் கொதிக்கும்.

"ஓட்டிஸ் மாட்டு ஏலத்துக்கு டவுனுக்குப் போயிருக்காருப்பா. போனை வண்டியிலயே போட்டுட்டுத்தான் போவாரு."

"அப்ப நீ சொல்லு. நீயும் அந்த வீட்டு ஆள்தானே?" அப்பா விளையாட்டாகத்தான் கேட்டார்.

நேவா மாவுக் கையைத் துணியில் துடைத்தாள். போன வருஷம் அவளோடு படித்த ஒருத்தி, அடிபட்டு ஓடிவந்த மானைத் தேடிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, போய் எடுத்துக்கொள் என்று அவள்தான் சொன்னாள். குத்தகைக்காரர் குதி குதியென்று குதித்தார். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஓட்டிஸ், இறைச்சியை நறுக்கிக்கொண்டே, சத்தம் போடாமல் சொன்னார்: "இந்த வீட்ல சரின்னு சொல்ற வாய் ஒண்ணே ஒண்ணுதான்." ராஸ் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ராஸைப் பிடிச்சுக் கேக்கறேன்ப்பா," என்றாள்.

"வேட்டை வார்டன் லூத்தருக்கு ஒரு போன் போட்டுடட்டுமா? அவன் வந்து கேட்டா ஓட்டிஸால முடியாதுன்னு சொல்ல முடியாது."

"ஐயோ, வேணாம்ப்பா. யூனிஃபார்ம் போட்ட ஆள் வாசல்ல வந்து நின்னா இங்க என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது. நான் பாத்துக்கறேன். நீங்க கொஞ்சம் பொறுங்க."

"சரி, சரி. எங்க போகப்போறேன்? இங்கேயே இருக்கேன். என்ன சமைக்கிற?"

"ஆப்பிள் பை."

"அந்த டவுன் துரைங்களுக்கா? கொடுத்துவச்சவனுங்க."

ராஸுக்குப் போட்டாள், கிடைக்கவில்லை. ஓட்டிஸுக்குப் போட்டாள், ஆளில்லாத வண்டியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி மாவுக்குப் போனாள். ராஸ் கூப்பிட்டபோது ஆப்பிள் பை அடுப்பில் இருந்தது. "அப்பாதான் சொல்லணும், எனக்கு எதுக்கு வம்பு?" என்றான். "சாயங்காலம் வந்துடுவாரு. உங்கப்பா இவ்வளவு நேரம் குளிர்ல நிப்பாரா? வண்டிக்குத் திரும்பியிருப்பாரு, விடு." நேவா அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தாள். போன் செத்திருந்தது. குளிரில் பேட்டரி நிற்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டிக்குத் திரும்பியிருப்பார் என்று அவளும் நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது, அடுப்பில் வேலையும் இருந்தது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஓட்டிஸ் வந்தார். அவர் பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே நேவா விஷயத்தைச் சொன்னாள்.

"ஆர்லனா?" என்றார் ஓட்டிஸ். "போய் எடுத்துக்கச் சொல்லேன். இதுக்குப் போய் என்னத்தைக் கேட்டுக்கிட்டு?"

அவ்வளவுதான். அத்தனை சுலபமாக இருந்தது. ராஸ் விளக்கை எடுத்துக்கொண்டு, உதவி செய்வதற்காக மேட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் வார்டன் லூத்தர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெர்னீஸின் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். நேவாவின் அம்மா பெர்னீஸ் அழுது முடித்தவள் மாதிரியும் இல்லை, அழப்போகிறவள் மாதிரியும் இல்லை. காபி ஊற்றினாள். காதில் அந்தச் சின்னத் தோடுகள் போட்டிருந்தாள். எல்க்கின் மேல்தாடையில் தந்தம் மாதிரி இரண்டு பற்கள் உண்டு. வேட்டைக்காரன் அதைப் பிடுங்கி வீட்டுக்காரிக்குக் கொண்டுவந்து கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஆர்லன் முதல் வருஷம் கொண்டுவந்தவைதான் தோடாகியிருந்தன. மற்ற வருஷத்துப் பற்கள் ஜன்னலோரம் ஒரு ஊறுகாய் பாட்டிலில் கிடந்தன.

"டாக்டர் என்ன சொன்னாரு?" நேவா கேட்டாள்.

"இதயம்னாரு. குளிரும்தான்னாரு. ரெண்டுல எது முந்திச்சுன்னு சொல்ல முடியாதாம்." லூத்தர் தொப்பியை விரலால் சுற்றினான். "துப்பாக்கியிலேருந்து குண்டை எடுத்துட்டு, வாயைக் கீழ பாக்க வச்சு, பத்திரமா ஓரமா வச்சிருந்தாரு. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே."

பெர்னீஸ் காபிக் கெட்டிலை மறுபடி அடுப்பில் வைத்தாள்.

"வேலியோரமா நடந்துகிட்டே இருந்திருக்காரு. குளிருக்காகத்தான் இருக்கணும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து, பனி அங்க ஒரு பாதை மாதிரி ஆகிக்கிடக்கு. அப்புறம் ஒரு கம்பத்துல சாஞ்சு உக்காந்துட்டாரு. நான் நல்லா விளக்கடிச்சுப் பாத்தேன். அந்தப்பக்கம் அவரோட காலடி இல்ல. ஒண்ணே ஒண்ணுகூட இல்ல." அவன் தொப்பியை மேசையில் வைத்தான். "எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா அரை மணியில போயிருப்பேன். நம்பர் அவருக்கு மனப்பாடம். ஏன் பண்ணலைன்னுதான் எனக்குப் புரியல."

நேவாவின் கை மேசைவிரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. இப்போது சொல்லிவிடலாம். நான்தான் வேண்டாம் என்றேன், நான்தான் பொறுங்கள் என்றேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அவள் வாயைத் திறந்தாள்.

"இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமா, லூத்தர்?" என்றாள் பெர்னீஸ்.

லூத்தர் கோப்பையை நீட்டினான். அம்மா ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள். நேவா வாயை மூடிக்கொண்டாள். தப்பித்தோம் என்று மனம் நினைத்ததை அவளால் தடுக்க முடியவில்லை, அதற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"அந்த எல்க் இன்னும் அங்கதான் கிடக்கு," என்று கிளம்பும்போது லூத்தர் சொன்னான். "இறைச்சி போயிருக்கும். ஓட்டிஸ் சரின்னு சொன்னா, உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்கலாம்."

அடக்கத்தன்று சர்ச்சில் உட்கார இடமில்லை. ஆர்லனிடம் வேட்டைப் பாடம் படித்தவர்களில் பாதிப் பேர் வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சுத் தொப்பியோடு வந்து, உள்ளே நுழைந்ததும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கும்போது வரிசை வரிசையாக அந்த நிறம்தான் நேவாவின் கண்ணில் பட்டது. பாதிரியார் ஆர்லனைப் பொறுமைசாலி என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நேவாவுக்கு எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்று இருந்தது.

பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஹாமும், சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கும், ஆளுக்கொரு தினுசாக ஆறேழு ஜெல்லியும் இருந்தன. ஓட்டிஸ் பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைத் தானே சுட்டு எடுத்துவந்திருந்தார். அவர் அடுப்புப் பக்கம் போய் யாரும் பார்த்ததில்லை. ஒரு பக்கம் கருகியிருந்தது. எல்லோரும் மரியாதைக்காக ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.

நேவா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார். பெரிய உருவம். கோட்டு அவருக்கு அக்குளில் பிடித்தது.

"நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன்," என்றார். "உங்கப்பன்தானே. நீயே சரின்னு சொல்லியிருக்கலாமே, நேவா? நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

நேவா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் எதுவும் இல்லை. அந்தச் சாப்பாட்டு மேசையில் தான் சொன்னதை மனிதர் மறந்தே போயிருந்தார். அவருக்கு அது இறைச்சியை நறுக்கும்போது வாயில் வந்த ஒரு பேச்சு. அவள் ஒரு வருஷமாக அதன்படி வாழ்ந்துகொண்டிருந்தாள்.

"ஆமா," என்றாள். "சொல்லியிருக்கலாம்."

ராஸ் தூரத்திலிருந்து இதைப் பார்த்தான். பிறகு தன் தட்டைப் பார்த்தான்.

"அம்மாவுக்கு அந்த எல்க்கோட பல்லு வேணுமாம்," என்றாள் நேவா மாமனாரிடம். "போய் எடுத்துக்கலாமா?"

ஓட்டிஸின் முகம் கோணியது. "எடுத்துக்கோம்மா," என்று சொல்லிவிட்டு மாடிப்படிப் பக்கமாக வேகமாகப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஓட்டிஸின் கதவு வழியாக வண்டியிலேயே போய்விடலாம் என்று நேவா சொன்னாள். அம்மா கேட்கவில்லை.

"உங்கப்பா போன வழியாவே போலாம்."

அந்தப் பொதுக் கட்டத்தின் மேற்கு ஓரத்தை ரோடு உரசிக்கொண்டு போகிறது. அதனால் அது வழியுள்ள கட்டம். ஆனால் ரோட்டை ஒட்டி ஒரு பள்ளம் இருக்கிறது, இறங்கி ஏறித்தான் போக வேண்டும், வண்டி போகாது. ஆர்லனின் பழைய காலடிகள் மேல் புதுப்பனி விழுந்து சின்னச் சின்னக் குழிகளாகத் தெரிந்தன. பெர்னீஸ் அவற்றிலேயே காலை வைத்து வைத்து நடந்தாள். அவர் எட்டு வைத்த அகலத்துக்கு அவளால் எட்டவில்லை, ஆனாலும் விடவில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறியதும் மூச்சு வாங்க நின்றாள். நேவா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இனியும் தாங்காது என்று அவளுக்குத் தோன்றியது.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா அன்னிக்கு எனக்குப் போன் பண்ணினாரு."

"தெரியும்."

"நான்தாம்மா அவரைப் பொறுக்கச் சொன்னேன்."

"தெரியும்டி." பெர்னீஸ் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். "உன்கிட்ட பேசிட்டு எனக்குத்தான் போட்டாரு. நேவா பொறுக்கச் சொல்றா, சாப்பாட்டுக்கு லேட்டாகும், நீ சாப்பிட்டுடுன்னாரு. இப்படிக் கண்ணெதிர கிடக்குது, பேசாம ஒரு எட்டு போய்க் குடலை மட்டும் எடுத்துட்டு வந்துடட்டுமா, யாருக்குத் தெரியப்போகுதுன்னு கேட்டாரு. ஆர்லன் கேக்கறாரு இதை, நினைச்சுப் பாரு. ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன மனுஷன்."

"நீ என்ன சொன்ன?"

"வேணாம்னேன்." அம்மா பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நம்ம பொண்ணு அந்த வீட்ல சோறு திங்கணும் ஆர்லன், நீ பாட்டுக்குக் காலை வச்சுடாதேன்னேன். சரின்னாரு. அதோட போன் செத்துப்போச்சு."

நேவாவுக்கு அழுகை வந்தது. பனியில் முழங்காலிட்டு உட்கார்ந்து, வாயைப் பொத்தாமல் அழுதாள். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, தலையைத் தடவாமல், தேற்றாமல், அவளுடைய தொப்பி காற்றில் போய்விடாமல் மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"லூத்தர்கிட்ட ஏன் சொல்லலை?" என்று நேவா கடைசியில் கேட்டாள்.

"எதைச் சொல்றது? யாரைச் சொல்றது? எழுந்திரு. நனைஞ்சுடுவ."

மேடு ஏறியதும் வேலி வந்தது. புதுப்பனி விழுந்தும் அந்தத் தடம் மூடவில்லை. ஆரஞ்சு அடித்த ஒரு கம்பத்திலிருந்து ஆரஞ்சு அடித்த இன்னொரு கம்பம்வரை, வேலியை ஒட்டினாற்போல, ஆள் நடந்து நடந்து கெட்டியாகிப்போன வாய்க்கால். ஒரு கம்பத்தடியில் பனி அழுந்தி ஒருவர் உட்கார்ந்த அளவுக்குப் பள்ளமாகியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ராஸ் வெட்டி ஒட்டுப்போட்ட இடத்தில் புதுக் கம்பி பளபளத்தது. பெர்னீஸ் அந்தப் பள்ளத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய்த் தடத்துக்குள் நின்றாள்.

"கேட்டாச்சுல்ல?" என்றாள்.

"கேட்டாச்சும்மா."

நேவா குறட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நடுக்கம்பியைத் தூக்கி, குனிந்து அந்தப் பக்கம் போனாள். சுற்றிப் பார்த்தாள். மேட்டையும் ஓடையையும் தேடித்தான் பார்த்தாள், இரண்டும் இல்லை. அண்டங்காக்கைகள் இரண்டு எழும்பிப் பறந்தன. அவள் போய்ச் சேர்ந்தாள். வயிற்றை நரிகள் தின்றிருந்தன, மூக்கைச் சுற்றி வந்த நாற்றம் பனியிலும் தங்கியிருந்தது. தலை மட்டும் முழுசாக, வேலியைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தது.

நேவா மண்டியிட்டாள். உறைந்த தாடை திறக்க மறுத்தது. குறட்டை எந்தப் பக்கமாக நுழைப்பது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தாள். இந்த வேலையை எப்போதும் அப்பாதான் செய்வார்.

"மேல்தாடை," என்றாள் அம்மா. "முன்பக்கமா பாரு. உதட்டைத் தூக்கு."

நேவாவின் கை நின்றது.

"கையுறையைப் போட்டுக்கடி, விரல் விறைச்சுடும்."

அம்மா வேலிக்கு அந்தப் பக்கம், அப்பாவின் தடத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. சாப்பாட்டு மேசையில் எதிரே இருப்பவரிடம் உப்பை எடு என்று சொல்வது போலத்தான் சொன்னாள். அவள் மூக்கை உறிஞ்சியதுகூட நேவாவுக்குக் கேட்டது.

"சரிம்மா," என்றாள் நேவா. அவளும் மெதுவாகத்தான் சொன்னாள். வேலிக்கு அப்பால் அம்மா தலையாட்டினாள்.